பிளஸ் எர்த் வண்டி

அந்த வண்டியை நான் ஓட்டுவதற்காக வாங்கவில்லை. உடைப்பதற்காக வாங்கினேன். கட்டர் வைத்து துண்டு துண்டாக அறுத்து, கடைசித் தகரம் வரைக்கும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருக்கட்டும். ஒரு வண்டி உங்கள் பிழைப்பைக் கெடுத்து, உங்கள் பெயரையும் பிடுங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டுச் சிரியுங்கள்.

மைசூர் யாதவகிரியில் ஒரு டாக்டரிடம் இருந்த வண்டி அது. வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பு. உருண்டை மூஞ்சி, கறுப்பு உடம்பு. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் மண்டி மொஹல்லாவில் ஒரு மேஸ்திரியின் ஷெட்டில் வண்டி வயரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். மேஸ்திரிக்கு அடுத்த ஆள் நான்தான். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான், கொள்ளேகால். நான் மார்டள்ளி. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் வந்துகொண்டிருந்த நேரம்.

ஒருநாள் டாக்டர் புது பேட்டரி போட வண்டியைக் கொண்டுவந்தார். மேஸ்திரி வெளியே போயிருந்தார். நான் போட்டேன். பேட்டரிக்கு இரண்டு கம்பம் உண்டு, ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். பிளஸ் கம்பம் கொஞ்சம் தடி, மைனஸ் கொஞ்சம் ஒல்லி. இரண்டில் ஒன்றை வண்டியின் இரும்பு உடம்போடு சேர்த்துவிடுவோம். அதற்குத்தான் எர்த் என்று பேர். எங்கள் ஷெட்டுக்கு வந்த ஆட்டோ, டாக்ஸி, டெம்போ எல்லாவற்றிலும் மைனஸ்தான் எர்த். கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவோம். இந்த வண்டியில் என்னவென்றால், உடம்புக்குப் போகிற வயரின் கிளாம்ப் மைனஸ் கம்பத்தில் லொட லொட என்று ஆடியது. பிளஸ்ஸில் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. இன்னொன்றும் அப்படியே மைனஸ்ஸில் உட்கார்ந்தது. சரி, பழைய வண்டி, இவன் இப்படித்தான் போலிருக்கிறது என்று முடுக்கிவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. கை சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

மேஸ்திரி வந்தார், எட்டிப் பார்த்தார், அடுத்த நொடி என் கன்னத்தில் அறை விழுந்தது.

"பிளஸ்ஸக் கொண்டுபோயி பாடிக்குக் குடுத்திருக்கறான் பாருங்க! டாக்டரு வண்டிக்கு நெருப்பு வெச்சிருப்பானே! டேய் உல்டா, நீயெல்லாம் வயரத் தொடலாமாடா?"

டாக்டர் நின்றார். ஆட்டோக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எதிர் டீக்கடையே எழுந்து நின்றது. கிளாம்ப் தானாக உட்கார்ந்தது என்றா சொல்வது? அன்று மத்தியானமே என் டூல் பையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நான் உல்டா. மண்டி மொஹல்லாவில் எந்த ஷெட் வாசலில் நின்றாலும், "ஓ, உல்டாவா? வேணாம்ப்பா" என்றார்கள். ஹெப்பாளில் ஒரு ஃபாக்டரியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். அங்கே வருகைப் பதிவில் டோக்கன் நம்பர்தான், பெயர் கிடையாது. நம்பரைக் கூப்பிட்டால் போதாதா? கம்பெனி பஸ்ஸில் ஏறின மூன்றாம் நாளே எவனோ மண்டி மொஹல்லாக்காரன், "ஏய் உல்டா, பாரப்பா இல்லி!" என்று கன்னடத்தில் தன் பக்கத்தில் வந்து உட்காரக் கூப்பிட்டான். பஸ் முழுக்க ஒட்டிக்கொண்டது. கோயில் திருவிழாவில் என் மனைவியைக் காட்டி, "இது யாரு, உல்டா சம்சாரமா?" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுக்கு வந்து என் மனைவி சமைக்கவில்லை.

ஆறு வருஷம் போனது. டாக்டர் காலமாகி, வீட்டை விற்கப் போவதாகவும் அந்த வீட்டு ஷெட்டில் நிற்கிற வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகவும் கேள்விப்பட்டேன். ஃபாக்டரிக்கு லீவு போட்டுவிட்டு ஓடினேன். டாக்டரின் மகள்தான் இருந்தாள்.

"அந்த வண்டி அப்பாவை ரொம்பப் படுத்திடுச்சு," என்றாள். "முன்னாடியெல்லாம் எங்களைச் சாமுண்டி மலைக்குக் கூட்டிட்டுப் போவார். கடைசி அஞ்சாறு வருஷமா பாதி மலையிலேயே முக்கி முக்கி நின்னுடும். ஸ்டார்ட்டே ஆகாது. வெறுத்துப் போய் நிறுத்திட்டார்."

நன்றாக வேண்டும் அந்த வண்டிக்கு என்று உள்ளுக்குள் நினைத்தேன். இரும்பு விலைக்கே வாங்கி, டெம்போவில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் போட்டேன். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏனுங், வீட்டுக்கு வேற ஏதும் வேண்டியதில்லைன்னு இதக் கொண்டாந்தீங்களா?"

"வர்ற ஞாயித்துக்கெழம இது இருக்காது. பாத்துக்கிட்டே இரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும் அல்லவா? கழற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

உடம்புக்குப் போகிற எர்த் வயரின் கிளாம்ப், ஒல்லியான மைனஸ் கம்பத்தில் இருந்தது. அது தானாக அங்கே உட்காரவில்லை. உள்ளே ஒரு தகரத் துண்டை மடித்துச் செருகி, சுத்தியலால் அடித்து நெருக்கி வைத்திருந்தார்கள். இன்னொரு கிளாம்பை உளியால் பிளந்து, தடிக் கம்பத்தில் வம்படியாகத் திணித்திருந்தார்கள். அன்று நான் மாட்டியபோது பிள்ளை மடியில் உட்காருவது போல உட்கார்ந்த கிளாம்புகள். இவற்றை அடித்து உதைத்துத்தான் மாற்றி மாட்டியிருக்கிறார் மேஸ்திரி.

அப்போதும் எனக்கு நிச்சயமில்லை. பேட்டரித் தட்டைச் சுற்றிக் கறுப்பு பெயிண்ட் அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தேன். ஒரு சின்னத் தகடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். கூட்டல் குறி. அதற்குப் பக்கத்தில் இங்கிலீஷில் எர்த் என்று ஐந்து எழுத்து. வண்டி செய்த இடத்திலேயே அடித்து ஒட்டிய தகடு.

பிளஸ்தான் எர்த். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான் போட்டதுதான் சரி.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தாள், பிளந்த கிளாம்பைப் பார்த்தாள்.

"அந்தாளு தெரியாமச் செஞ்சிருப்பாரோ என்னமோ," என்றாள். "அந்தக் காலத்து வண்டி, அவரு மட்டும் எங்க பாத்திருக்கப் போறாரு?"

எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. தெரியாமல் செய்ததற்குப் போய் என்ன செய்ய முடியும்? ஆனால் மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் அம்மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுகிறவனுக்கு எதிரே இருக்கும் சின்ன டயல் அது. எஞ்சினை அணைத்துவிட்டு லைட் போட்டால் பேட்டரி செலவாகிறது என்று முள் மைனஸ் பக்கம் போக வேண்டும். வண்டி ஓடிச் சார்ஜ் ஏறினால் பிளஸ் பக்கம். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் முள்ளும் தலைகீழாக ஓடும். எந்த வயர்மேனும் பேட்டரி போட்டதும் முதல் வேலையாக லைட்டைப் போட்டு முள்ளைத்தான் பார்ப்பான். அப்படியானால் அன்று மேஸ்திரியும் பார்த்திருக்க வேண்டுமே? முள் உல்டாவாக ஓடியிருக்குமே?

டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டேன். டார்ச் அடித்தேன்.

அம்மீட்டருக்குப் பின்னால் இரண்டு வயர்கள் இடம் மாற்றப்பட்டிருந்தன. ஒன்று நீளம் பத்தாமல் புதுத் துண்டு சேர்த்து இழுக்கப்பட்டிருந்தது. அந்த இணைப்பின் மேல் டேப். டேப்பை உரித்தால், கீழே மெழுகு நூல், ஏழு சுற்று, கடைசி முடிச்சு உள்பக்கமாக மடக்கி இழுத்திருந்தது.

மைசூரில் இந்த மெழுகு நூல் கட்டுப் போடுகிற ஆள் ஒருத்தர்தான். மற்றவர்கள் டேப்பைச் சுற்றிவிட்டுப் போவார்கள். செருப்புத் தைக்கிற நூலை வாங்கி, தானே மெழுகில் உருட்டி, ஏழு சுற்றுச் சுற்றி, "இது என்ற கையெழுத்துடா" என்று பெருமையடித்துக்கொள்வது மேஸ்திரி மட்டும்தான்.

அட சண்டாளா! பார்த்திருக்கிறார். முள் தலைகீழாக ஓடுவதைப் பார்த்திருக்கிறார். பார்த்த அந்த நிமிஷமே, நான் போட்டது சரி, தான் போட்டதுதான் உல்டா என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. போட்டால் டாக்டர் ஏன் என்று கேட்பார். அதனால் பேட்டரியை விட்டுவிட்டு முள்ளைப் பொய் சொல்ல வைத்துவிட்டார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயில் தலைகீழாகி, ஸ்பார்க் பலமில்லாமல் போய், வண்டி மலையேறாமல் செத்தது. நானும் செத்தேன்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கட்டரை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். இனி உடைக்க வேண்டியது வண்டியை அல்ல.

"அடிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"அடிச்சா ஊரு அவரு பக்கம் பேசும். அவரு வாயால சொல்லணும். எங்க வெச்சு என்னை உல்டான்னாரோ, அங்க வெச்சு, அத்தன பேரு முன்னால சொல்லணும்."

"சொல்லீருவாராக்கும்!"

நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வண்டியோடு கிடந்தேன். புதுக் கிளாம்ப் போட்டு, பேட்டரியை வண்டி கேட்டபடி மாட்டினேன், பிளஸ்ஸை உடம்புக்கு. சார்ஜ் ஏற்றுகிற டைனமோவுக்கு எது பிளஸ், எது மைனஸ் என்ற பழைய பழக்கத்தை நினைவுபடுத்த, பேட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து அதன் முனையில் ஒரு கணம் தொட்டேன். சின்னப் பொறி ஒன்று தெறித்தது. ஸ்டார்ட்டரை இழுத்தேன். ஒரே இழுப்பு. இருமல் இல்லை, முக்கல் இல்லை, எஞ்சின் எடுத்துக்கொண்டது. மனைவி கை தட்டினாள். ஒன்றை மட்டும் நான் தொடவில்லை. அம்மீட்டருக்குப் பின்னால் இருந்த மெழுகு நூல் கட்டை, மேலே டேப்பை மறுபடி சுற்றி, அப்படியே விட்டேன். அதுதான் எனக்குச் சாட்சி.

நாளும் குறித்துவிட்டேன். தசராவில் ஆயுத பூஜை. அன்று மேஸ்திரியின் பழைய வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஷெட்டு வாசலுக்குக் கொண்டுவருவார்கள். மேஸ்திரி வெள்ளை வேட்டி சட்டையில் நின்று ஒவ்வொரு வண்டிக்கும் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார். ஸ்பானர், கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் பூசி வரிசையாக இருக்கும். மறுநாள் வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது. அதில் மேஸ்திரி கறார். ஒருமுறை அவருடைய சொந்த மச்சான் வண்டியே நடுரோட்டில் நின்றபோதும் பிளேயரை எடுக்க மாட்டேன் என்றவர். கையில் டூல் இல்லாத மேஸ்திரிக்கு வாய் மட்டும்தான் இருக்கும். எனக்கும் அந்த வாய்தானே வேண்டும்.

வண்டியைத் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். மண்டி மொஹல்லா சந்துக்குள் அந்த உருண்டை மூஞ்சி நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய், டாக்டர் வண்டி! யாருடா ஓட்டறது? அட, நம்ம உல்டா!"

மேஸ்திரியின் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. வண்டியைப் பார்த்ததும் குங்குமத் தட்டைப் பிடித்திருந்த கை ஒரு வினாடி நின்றது. பிறகு சிரித்தார்.

"வாடா. வண்டியெல்லாம் வாங்கீட்டயா? நல்லாருக்குது."

"பூஜைக்குத்தானுங்க வந்தேன். அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

எஞ்சினை அணைத்தேன். லைட்டைப் போட்டேன். முள் நேராகப் பிளஸ் பக்கம் ஏறி நின்றது. ஜன்னல் வழியாகத் தலைகளை நீட்டிப் பார்த்தார்கள். லைட் எரிகிறது, ஆனால் முள் சார்ஜ் ஏறுகிறது என்கிறது. எவனோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு சந்தே சிரித்தது.

"உல்டா கை பட்டா முள்ளும் உல்டாதான்!"

மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மறுக்காவும் பேட்டரியத் திருப்பிப் போட்டிருக்கறான். ஆறு வருசமாகியும் புத்தி வல்ல பாருங்க."

என் காது சூடாகிவிட்டது. நான் கொண்டுவந்த சாட்சியே என் மேல் பாய்ந்துவிட்டது. இவ்வளவு பேருக்கு முன்னால் இன்னொரு தடவை உல்டாவாகி வீட்டுக்குப் போவதா? மனைவியின் கை என் முழங்கையைப் பிடித்தது. அவள் நகம் பதிந்தது.

டேஷ்போர்டின் கீழ்த் தட்டை வீட்டிலேயே தளர்த்தி வைத்திருந்தேன். கையை விட்டு அந்த இரண்டு வயர்களையும் வெளியே இழுத்தேன். டேப்பைப் பிரித்தேன்.

"பேட்டரி சரியாத்தான் இருக்குதுங். இந்த ரெண்டு வயருதான் மாறியிருக்குது. நான் மாத்துலீங். இது யாரு கட்டுங் மேஸ்திரி?"

பக்கத்தில் நின்ற வயசான ஆட்டோக்காரர் குனிந்தார். அவர் ஆட்டோவிலேயே அந்தக் கட்டு பத்து இடத்தில் இருக்கும். "மெழுகு நூல்," என்றார் மெதுவாக. "மேஸ்திரி, இது உங்க கட்டு."

சிரிப்பு நின்றது. நான் வண்டியை விட்டு இறங்கினேன். குரலைத் தாழ்த்தவில்லை. பானெட்டைத் திறந்து தகட்டைக் காட்டினேன். அடித்து நெருக்கிய பழைய கிளாம்பையும் பிளந்த கிளாம்பையும் பையிலிருந்து எடுத்து மட்கார்டின் மேல் வைத்தேன். முள் உல்டாவாக ஓடினதைப் பார்த்த பிறகு வயரை யார் மாற்றினது, எதற்காக மாற்றினது என்று கேட்டேன். நாலைந்து வாரமாக வீட்டில் தனியாகப் பேசிப் பழகின பேச்சு அது. ஒரு சொல் தடுக்கவில்லை.

"சொல்லுங்க. அன்னிக்கு இதே எடத்துல சொன்னீங்கல்ல? இன்னிக்கும் சொல்லுங்க."

மேஸ்திரி குங்குமத் தட்டைக் கீழே வைத்தார். திரும்பிச் சாமி படத்தின் முன்னால் போய், சந்தனம் காயாத பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தார்.

"மேஸ்திரி! பூஜையில இருக்கறதத் தொடாதீங்க!" என்று இரண்டு பேர் கத்தினார்கள். அவர் கேட்கவில்லை. வந்தார், வெள்ளை வேட்டியோடு வண்டிக்குள் மல்லாந்து படுத்தார். தன் கட்டைத் தானே பல்லால் கடித்து அறுத்தார். வயர்களை இடம் மாற்றி முடுக்கும் சத்தம் கேட்டது. நெற்றியில் கறுப்பு அப்பியிருக்க எழுந்து வந்தார்.

"லைட்டப் போடு."

போட்டேன். முள் மைனஸ் பக்கம் போய் நின்றது.

"கையால செஞ்சது போதாதுங். வாயால சொல்லுங்க," என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

"அன்னிக்கே தெரியும்டா எனக்கு," என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். "முள்ளப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. நீ போட்டதுதான் சரி. உன்னத் திருப்பிக் கூப்பிட்டா என்ற மரியாத போயிருமேன்னு உட்டுட்டேன்."

அந்த வயசான ஆட்டோக்காரர் என் தோளில் கை வைத்து, "சரி, உடு உல்டா, பண்டிக நாளு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய்ப் பழக்கம்.

மேஸ்திரி திரும்பி அவரைப் பார்த்தார். "அவனுக்குப் பேரு இருக்குது," என்றார். என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், என் அப்பா வைத்தபடி. பிறகு குங்குமத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டு பானெட் பக்கம் வந்தார்.

"வேண்டாமுங்," என்றேன். பொட்டு வாங்காமலே வண்டியை எடுத்தேன். சக்கரத்துக்கு அடியில் யாரோ வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

நேராகச் சாமுண்டி மலைக்கு விட்டேன். டாக்டரின் கடைசி வருஷங்களில் முக்கி நின்ற வளைவுகளையெல்லாம் வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. ஊர் கீழே போய்க்கொண்டே இருந்தது. மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"ஏனுங்."

"என்ன?"

"அந்தாளு உங்க பேரச் சொன்னப்போ, யாரையோ கூப்பிடறாங்கன்னு நானே திரும்பிப் பாத்துட்டனுங்."

புருஷன் பெயரை அவள் சொல்கிற வழக்கம் கிடையாது. ஃபாக்டரியில் நம்பர். தெருவில் உல்டா. ஆறு வருஷமாக அந்தப் பெயர் அவள் காதில் விழவே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மேஸ்திரி ஒத்துக்கொண்டாரே, பூஜை டூலைத் தொட்டாரே, வயசான மனுஷர் ஆயிற்றே என்று மலையேறும் வழியில் ஒரு மூலையில் இளகிக்கொண்டு வந்த மனசு, அந்த இடத்தில் மறுபடி இறுகிவிட்டது.

திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு மண்டி மொஹல்லா வழி சுற்று. இருந்தாலும் அந்த வழியாகத்தான் வந்தேன். மேஸ்திரி ஷெட்டு வாசலில் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் கறுப்பு அப்படியே இருந்தது. வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பட்டப்பகலில் இரண்டு லைட்டையும் போட்டு, சந்து முடிகிற வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அவரைத் தாண்டிப் போனேன்.